எந்தப் பள்ளிக்கு?

மேற்கே ஏலமும் மிளகும் மணக்கும் நெடுமலை முகிலை மறித்து நிற்க, கிழக்கே மேகமலை அதற்கு எதிர்த்தோள் கொடுக்க, இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஆடி பிறந்து மூன்றாம் நாள் காலை. லோயர் கேம்பில் மலையிறங்கிய முல்லையாற்று நீர் வாய்க்கால்தோறும் பிரிந்தோடி, நடவு முடிந்த வயல்களில் பச்சை பிடிக்கச் செய்திருந்தது. கணவாய் வழியே புகுந்த மேல்காற்றோ தென்னைகளின் தலையைப் பிடித்து உலுக்கியும், சாலையில் செல்வோரின் மேலாடையை இழுத்தும், ஊரிலுள்ள தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தும் திரிந்துகொண்டிருந்தது. அவ்வோசையைக் கேட்டு மகிழ்வோர் உண்டு. அவர்களுள் சாபிரா ஒருத்தி அல்லள்.

சாபிரா அவ்வூர் அரசு மகளிர் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஊரின் பெயரை எழுதாது விடுகிறோம்; காமயகவுண்டன்பட்டிக்குச் செல்லும் நகரப் பேருந்து நின்று ஆளேற்றிப் போகும் சிற்றூர்களுள் ஒன்று என்று அறிந்தால் போதும். பள்ளி என்று சொன்னோமேயன்றி, அது நெல் அடுக்குவதற்கென்று என்றோ எழுப்பிய கிடங்கு. கரும்பலகைகளை நிறுத்தியே வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். ஏழாம் வகுப்பார் பெருக்கல் வாய்பாடு ஒப்பித்தால் எட்டாம் வகுப்பாரின் செய்யுள் அதில் மூழ்கிப் போகும். காற்றடிக்கும் ஆடியில் கூரைத் தகரங்கள் எழுந்து எழுந்து விழும்போது, இருநூற்றுப் பத்துப் பெண்பிள்ளைகளும் ஒருசேர மேலே பார்ப்பார்கள். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் சாபிரா கற்ற பாடங்களுள் முதன்மையானது கூரையைப் பார்க்காமல் பாடம் நடத்துவது.

எட்டாம் வகுப்போடு அவ்வூர்ப் பெண்களின் படிப்புக்குத் தாழ் விழுந்துவிடும். மேலே படிக்கக் கம்பத்துக்குப் பேருந்தேற வேண்டும். பேருந்தேற்ற அஞ்சும் தாய்மார் பிள்ளையின் கையில் களைக்கொட்டைக் கொடுத்துவிடுவார்கள். இந்நிலையில் தேனி தனி மாவட்டமாகி மூன்றாண்டும் நிறையாத அந்நாளில், அரசு ஒரு வாயிலைத் திறந்தது. ஊரார் தம் பங்காகக் கட்டடச் செலவில் மூன்றில் ஒன்றைத் திரட்டி, இரண்டு ஏக்கருக்குக் குறையாத நிலமும் கொடுத்தால், எஞ்சியதை அரசு ஏற்றுப் பத்து அறைகள் கொண்ட புதுக் கட்டடம் எழுப்பும். ஒன்பதும் பத்தும் அங்கேயே நடக்கும். சாபிரா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தோட்டக்காரரும் கடைக்காரரும் தந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் கூலியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அவிழ்த்தார்கள். பங்கு சேர்ந்துவிட்டது. வரைபடமும் வந்துவிட்டது. நிலம் மட்டுமே வரவேண்டியிருந்தது, அதையும் அவள் தந்தையே கொடுத்துவிட்டுப் போனார் என்றுதான் அந்த ஆடி மூன்று வரை ஊரில் பலரும் எண்ணியிருந்தார்கள்.

தந்தை உசேன் ராவுத்தருக்கு ஊரின் தென்பால் பந்தல் தோட்டம் ஒன்று இருந்தது. இரண்டு ஏக்கருக்குச் சற்றே மிகுதி. கல்தூண் நட்டுக் கம்பி பின்னிக் கொடிமுந்திரி படரவிட்ட தோட்டம். கொடிமுந்திரி என்று நாம் செந்தமிழில் எழுதிக்கொள்ளலாம். திராட்சை என்றால்தான் அது அவ்வூரில் காய்க்கும். சித்திரை முடிவில் நோயில் விழுந்தவர், "என் காலத்துக்குப் பின் பந்தல் தோட்டம் பள்ளிக்கு" என்று ஒற்றை வரி எழுதச் செய்து, கையெழுத்திட்டு, வைகாசியில் கண்மூடினார். நாற்பதாம் நாள் ஓதி முடித்தபின் அத்தாளைப் படித்தார்கள். கேட்டவரெல்லாம் கண் கலங்கி, "நல்ல மனுசன்" என்று சொல்லிக் கலைந்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; கேட்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி மூன்றாம் நாள் காலை, அரசின் உதவிப் பொறியாளர் விஜயகுமார் அளவு நாடாவும் வரைபடமுமாகத் தோட்டத்துக்கு வந்தார். சாபிரா அவருடன் வந்தாள். அவர்கள் வடக்கு மூலையிலிருந்து அளக்கத் தொடங்கியபோது, தெற்கு மூலையிலிருந்து நால்வர் கயிறு பிடித்து அளந்துகொண்டே வந்தார்கள். அவர்களை நடத்தி வந்தவர் ராஜா முகம்மது. உசேன் ராவுத்தரின் ஒரே தம்பி, சாபிராவுக்குச் சின்னத்தா, ஊர்ப் பள்ளிவாசலின் தலைவர். அறுபத்தெட்டு அகவை, பேச்சு சிக்கனம், சிரிப்பு அதனினும் சிக்கனம். இரு கூட்டமும் தோட்டத்தின் நடுவே ஒரு கல்தூணுக்கு இப்புறமும் அப்புறமுமாக வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"யாரு சார் நீங்க? எதுக்கு இங்கன கயிறு பிடிக்கிறீக?" என்றார் விஜயகுமார்.

"நீங்க யாரு தம்பி? இது பள்ளிக்கு எழுதுன நிலம்" என்றார் ராஜா முகம்மது.

"அதைத்தான் நானும் சொல்றேன். இது பள்ளிக்கு எழுதுன நிலம்."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு நாடாவைத் தூக்கிட்டு வந்தீக?"

இருவரும் ஒரே சொற்றொடரைச் சொல்லி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற அக்காட்சியைக் கண்டு, கயிறு பிடித்தவன் ஒருவன் சிரித்தே விட்டான். சாபிரா சிரிக்கவில்லை. இத்தனை நாளும் எந்தச் சொல்லை நினையாமல் இருக்க முயன்றாளோ, அச்சொல் கல்தூணுக்கு இருபுறமும் நின்று அவளைப் பார்த்தது.

செந்தமிழ் கற்ற நீங்கள் அறிவீர்கள்: பள்ளி என்பது நம் மொழியில் நெடுங்காலம் வாழ்ந்து பல வீடுகளில் குடியிருந்த சொல். உறங்குமிடம் பள்ளி. துறவோர் தங்கிய குகை பள்ளி. அவர்கள் சிறுவர்க்கு எழுத்தறிவித்ததால் கற்குமிடமும் பள்ளி. இறைவனைத் தொழுமிடம் பள்ளி, பள்ளிவாசல். நூலில் படிக்கையில் இவையெல்லாம் இனிக்கும். இரண்டு ஏக்கர் நிலத்தின் மேல் எழுதிவைத்தால் எவ்வளவு கசக்கும் என்பதை அன்று சாபிரா கற்றாள். ராவுத்தர் வீடுகளில் ஆண்கள் நாளுக்கு ஐந்து முறை "பள்ளிக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் செருப்பை மாட்டுவார்கள். பிள்ளைகள் போவது பள்ளிக்கூடம். ஆனால் அவசரத்தில் அதையும் பள்ளி என்று சொல்லாதவர் எவர்? தாளில் இருந்ததோ வெறும் பள்ளி.

"எங்க அத்தா பள்ளிக்கூடத்துக்குத்தான் குடுத்தாக, சின்னத்தா" என்றாள் சாபிரா. அச்சொற்கள் அவள் எண்ணுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டன.

ராஜா முகம்மது அவள் பக்கம் திரும்பினார். "அண்ணன் அப்படியா சொன்னாக?"

"ஆமா."

அவர் கயிற்றைச் சுருட்டச் சொன்னார். "தாள்ல பள்ளின்னு மட்டுந்தான் இருக்கு. எழுதுனவ நீ. பக்கத்துல இருந்தவ நீ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு ஜமாத்துக்காரவுக அஞ்சாறு பேரு இங்கன வருவாக. அண்ணன் என்ன சொன்னாகளோ, அதை அவுக முன்னாடி ஒரு தடவை சொல்லிரு. நீ சொல்றதை ஏத்துக்கிருவோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

அவர் போனபின் விஜயகுமார் நாடாவை மடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "மேடம், திங்கக்கிழமைக்குள்ள நிலத்துக்கு உரியவுக ஒப்புக்கிட்ட பேப்பர் ஆபீசுக்கு வந்துறணும். ரெண்டு ஏக்கருக்கு ஒரு சென்ட்டு குறைஞ்சாலும் தள்ளிருவாக. தேவாரம் பக்கத்துல ஒரு ஊர்ல நிலத்தோட காத்துக்கிட்டிருக்காக. இங்கன முடியலேன்னா அங்கன போயிரும். என் கையில ஒண்ணும் இல்ல."

செவ்வாய், புதன், வியாழன். இம்மூன்று நாளையும் சாபிரா எவ்வாறு கழித்தாள் என்று கேட்காதீர்கள். தேவாரத்தில் துணிக்கடை வைத்திருந்த கணவர் பொழுதடைந்து வீடு திரும்பி, "என்ன, சோத்துல உப்பில்ல" என்றார். மறுநாள், "என்ன, ரெண்டு தடவை உப்புப் போட்டுருக்க" என்றார். அவரிடமும் அவள் சொல்லவில்லை. சின்னத்தா ஐயம் கொண்டு வழக்காடியிருந்தால் அவளும் துணிந்து வழக்காடியிருப்பாள். ஒரு சொல் சொன்னால் நம்பிவிடுவோம் என்று சின்னத்தா வழியைத் திறந்துவிட்டுப் போனதுதான் அவளை வாட்டியது. ஏனெனில் அந்த ஒரு சொல்லின் உண்மை அவளுக்கே தெரியாது.

சித்திரைத் திங்களின் கடைசிக் கிழமை நடந்தது இது. உச்சிப்பொழுது. தந்தை கட்டிலில் கிடந்தார். சாபிரா கொண்டுவந்து காட்டிய பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் அவர் மார்பின் மேல் விரிந்து கிடந்தது, "இது என்ன, இது கதவா? கிணறு எங்கன?" என்று சற்றுமுன்தான் விரல் வைத்துக் கேட்டிருந்தார். அந்நேரம் பள்ளிவாசலிலிருந்து நண்பகல் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. அவர் கண்ணை மூடி, உதடுகள் அசைய, அதை முழுவதும் கேட்டார். எழுந்து போக இயலாத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. அழைப்பு அடங்கியதும் கண் திறந்து, "தாயி, தாள் எடு. பந்தல் தோட்டத்தைப் பள்ளிக்கு எழுதிரு" என்றார்.

அவள் எழுதுகோல் அந்தச் சொல்லுக்கு முன் நின்றது. எந்தப் பள்ளிக்கு, அத்தா? மூன்றே சொல். அது தொண்டைவரை வந்தது. மார்பில் வரைபடம் கிடந்தது. காதில் அழைப்பொலி இன்னும் நின்றது. இரண்டில் எது அவர் நெஞ்சில் நின்றதோ யாரறிவார்? கேட்டிருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அவளோ கேட்கவில்லை. விடை வேறாக வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்ன பள்ளி என்னும் சொல்லையே வைத்து எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் கையெழுத்திட்டார், களைத்துப்போய் உறங்கினார். அதன்பின் எத்தனையோ நாள் நினைவோடு இருந்தார். ஒரு நாளும் அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கேட்போம் என்று இருந்து, ஒரு நாள் கேட்பதற்கு ஆளில்லாமற் போயிற்று.

வியாழன் மாலை, மலையம்மாள் பள்ளிக்கு வந்தாள். உசேன் ராவுத்தரின் தோட்டத்தில் பதினைந்து ஆண்டு கொடி கட்டியவள். அவள் மகள் ஜோதிகா எட்டாம் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை.

"டீச்சர், நம்ம கட்டடம் வந்துருமில்ல? இவ அப்பா வீட்டு ஆளுக போடிப் பக்கம் ஒரு இடம் பாத்துட்டு வந்து நிக்கிறாக. பிள்ளை பத்து வரைக்கும் படிக்கப் போகுதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். என் பேச்சு பொய்யாப் போயிறக் கூடாது."

"பதிமூணு வயசுப் பிள்ளைக்கு என்ன மாப்பிள்ளை, மலையம்மா?"

"நாஞ் சொன்னா யாரு கேக்குறா? பள்ளிக்கூடம் இருந்துச்சுன்னா அதைச் சொல்லித் தடுக்கலாம். அவுகளுக்கும் எதுத்துப் பேச வாய் வராது." அவள் சற்றுநேரம் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொதலாளி இருந்திருந்தா இந்த நாளுக்கு எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாக. வெயிலு உச்சிக்கு வந்தா, 'மலையம்மா, பள்ளிக்குப் போயிட்டு வாரேன், காய் வெட்டுறதைப் பாத்துக்க'ம்பாக. ஒரு நாள் தவற மாட்டாக. இன்னமும் அந்தக் குரல் காதுல நிக்குது, டீச்சர்."

ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் சாபிராவுக்கு அது அறைந்தாற்போல் இருந்தது. பள்ளிக்குப் போயிட்டு வாரேன். அறுபது ஆண்டு அவர் வாயில் அச்சொல் எங்கே சென்றதோ, கடைசியிலும் அங்கேதானே சென்றிருக்கும்? இவ்வளவு தெளிவானதை நான் தெளிவில்லாததாக வைத்துக்கொண்டேனா என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஆயினும், கதவு எங்கே கிணறு எங்கே என்று கேட்ட விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேலே தகரம் எழுந்து விழுந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அவள் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் மேலே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வெயில் சாய்ந்திருந்தது. பந்தலின் கீழே பாய் விரித்து, ராஜா முகம்மதுவும் முதியோர் ஐவரும் அமர்ந்திருந்தார்கள். கவாத்து முடிந்து துளிர் விட்டிருந்த கொடிகளின் ஊடே வெயில் பொட்டுப் பொட்டாக அவர்களின் வெண்ணிற மேலாடைகளில் விழுந்து ஆடியது. விஜயகுமார் ஒதுங்கி வாய்க்கால் கரையில் நின்றார். அவர் பின்னால் மலையம்மாள், அழைக்காமலே வந்து நின்றாள். சாபிரா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அன்று இரு கூட்டமும் முட்டி நின்ற அதே கல்தூணின் அருகே நின்றாள்.

இதோ, நண்பரே, ஒரு சொல் போதும். கூடம் என்னும் இரண்டெழுத்தையும் ஒற்றெழுத்தொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குக் கூரை, ஜோதிகாவுக்கு இரண்டாண்டு, யாருக்கும் ஒரு குறையுமில்லை. அவள் சொல்வது பொய் என்று சொல்ல உலகில் ஆளில்லை. பொய்தானா என்பதும் அவளுக்கே உறுதியில்லை. இதைவிட எளிதாக ஒரு பொய் எவருக்கும் வாய்த்ததில்லை.

"சொல்லு தாயி. அண்ணன் என்ன சொன்னாக?" என்றார் ராஜா முகம்மது.

அவள் தூணைப் பற்றிக்கொண்டாள். "'பந்தல் தோட்டத்தைப் பள்ளிக்கு எழுதிரு'ன்னு சொன்னாக. அவ்வளவுதான் சொன்னாக. கூடம்னு சொல்லல. அன்னைக்கு இங்கன அளக்கும்போது கூடத்தைச் சேர்த்தது நான்தான்."

பாயில் ஓர் அசைவு பரவியது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் பின் பேச வராது என்று அறிந்திருந்தாள்.

"எந்தப் பள்ளிக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா பள்ளிவாசலுக்குன்னு சொல்லிருவாகளோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கல. அதுக்கப்புறம் பதினெட்டு நாள் உசுரோட இருந்தாக. அப்பவும் கேக்கல. இதுதான் நடந்தது, சின்னத்தா."

வாய்க்கால் கரையில் விஜயகுமார் கண்ணை மூடிக்கொண்டார். மலையம்மாள், என்ன நடக்கிறதென்று முழுதும் விளங்காமலே, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முதியோருள் ஒருவர் தொண்டையைக் கனைத்து, "அப்ப முடிவு தெரிஞ்சுபோச்சே. அவரு வாயில பள்ளின்னா அது நம்ம பள்ளிதான். ஒரு வக்துத் தொழுகை விட்டதில்ல" என்றார். ஏனையோர் தலையசைத்தனர். அவர்கள் பேராசைக்காரர் அல்லர். மழை பெய்தால் அவர்கள் தொழுமிடமும் ஒழுகியது, கைகால் கழுவும் குளத்துக்கு நீர் போதவில்லை. அவர்களுக்கும் ஒரு வரைபடம் இருந்தது.

ராஜா முகம்மது கையை உயர்த்தினார்.

"இருங்க. அவுக நிய்யத்து என்னன்னு நமக்குத் தெரியல. எழுதுன பிள்ளைக்கே தெரியல. சந்தேகத்தோட வாற மண்ணு நம்ம பள்ளிக்கு வேண்டாம். நாளைக்கு இதுல நின்னு தொழுகுறவனுக்கு, இது நமக்குக் குடுத்ததா, பச்சைப் பிள்ளைக படிக்கக் குடுத்ததான்னு ஒரு நினைப்பு வந்துச்சுன்னா, தொழுகை கூடுமா? நீங்களே சொல்லுங்க."

உள்ளத்தின் நோக்கம் தெளியாத கொடையை ஏற்பதில்லை என்பது அவர்கள் வழிவழி வந்த நெறி. முதியோர் ஒருவரையொருவர் பார்த்தனர். தலையசைக்க அவர்களுக்குச் சற்றுநேரம் பிடித்தது, ஆனால் அசைத்தார்கள்.

"அப்ப அந்தத் தாள் செல்லாது" என்றார் அவர். "தாள் செல்லலேன்னா, தோட்டம் முறைப்படி உரியவுகளுக்கு. அண்ணி முந்தியே போயிட்டாக. ஒத்த மக மட்டும் இருந்தா அவளுக்குப் பாதி. மிச்சம் கூடப் பிறந்தவனுக்கு. பாதி உனக்கு, சாபிரா. பாதி எனக்கு."

இத்திருப்பத்தை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு பெருமூச்சு எழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனெனில் இரண்டு ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள். பாதியை வைத்துக்கொண்டு பள்ளி கட்ட முடியாது. அவளுடைய உண்மை அவளிடம் ஓர் ஏக்கரைக் கொடுத்துவிட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது போலிருந்தது.

"என் பாதி பள்ளிக்கூடத்துக்கு" என்றாள்.

ராஜா முகம்மது எழுந்தார். பாயை விட்டு இறங்கிப் பந்தலின் கீழே சற்றுத் தொலைவு நடந்தார். ஒரு கல்தூணில் கை வைத்தார், அடுத்ததில் வைத்தார். அத்தூண்களை அவரும் அண்ணனும் இளவயதில் மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, ஒருவர் பிடிக்க ஒருவர் குழியில் இறக்கி நட்டவர்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள். ஓர் ஏக்கர் கொடிமுந்திரித் தோட்டம் வேண்டாம் என்பார் அவ்வூரில் ஒருவரும் இலர். நடந்தவர் திரும்பி வர எடுத்த நேரம் மிகுதியாக இராது. சாபிராவுக்கோ அது சித்திரையிலிருந்து ஆடி வரை நீண்டது.

"என் பாதியும் பள்ளிக்கு" என்றார் அவர்.

பாயில் இருந்த முதியோர் முகம் மலர்ந்து, "அல்ஹம்துலில்லா" என்றனர். ஐயமுள்ள மண்ணை வேண்டாம் என்ற பள்ளிவாசலுக்கு, அதன் தலைவரே தம் பங்கை ஐயமின்றித் தருகிறார். அவர்கள் வேறு என்ன எண்ணுவார்கள்? அதே சொல், அதே தோட்டம், ஏறக்குறைய அதே குரல். சாபிரா நன்றி என்று சொல்லித் தலைகுனிந்து வீட்டுக்குப் போய்விடலாம். போனால், கடைசிவரை இவர் எதை நினைத்துச் சொன்னார் என்று இன்னொரு முறை எண்ணி எண்ணி வேகலாம். அஞ்சி அஞ்சி வாழ்ந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றிற்று. தூணை விட்டு ஓரடி முன்னே வந்தாள்.

"எந்தப் பள்ளிக்கு, சின்னத்தா?"

அவர் அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் திரண்டதை முதியோரும் கண்டனர்.

"இதை அன்னைக்குக் கேட்டிருந்தயின்னா, எங்கண்ணன் மனசு எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு, ஏதோ எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்பவர்போல், "பிள்ளைக படிக்கிற பள்ளிக்குத்தான் தாயி. வேற எதுக்கு? தாள் எடு, இந்தத் தடவை கூடத்தைச் சேர்த்தே எழுது" என்றார்.

வேற எதுக்கு என்றார் அவர்! சாபிரா அழுதாள். முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையில், தந்தை இறந்த நாளிலும் அழாத அழுகையை அழுதாள். நிலம் கிடைத்ததற்காக மட்டும் அன்று. ஒரே வீட்டில், ஒரே தாயிடம் பேச்சுக் கற்ற இருவருள் ஒருவர், நாளுக்கு ஐந்து முறை பள்ளிக்குப் போகிறவர், கூடம் என்று சொல்லாமலே கூடத்தை நினைத்துப் பள்ளி என்றார். அப்படியானால் மற்றவரும் நினைத்திருக்கலாம். நினைத்திருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கவும் கிடைக்காது.

விஜயகுமார் கொடுத்த தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். திங்கட்கிழமை அது தேனிக்குப் போயிற்று. பட்டா மாற்றவும் ஒப்பம் வாங்கவும் அவள் எத்தனை முறை பேருந்தேறினாள் என்பது வேறு கதை. மறு ஆண்டு ஆடிக் காற்று வந்தபோது, பத்து அறைகளுள் ஆறுக்குக் கூரை போடப்பட்டிருந்தது, ஒன்பதாம் வகுப்பின் முதல் வரிசையில் ஜோதிகா அமர்ந்திருந்தாள். பந்தலின் கல்தூண்களைப் பிடுங்கிச் சுற்றுச்சுவருக்கு நட்டிருந்தார்கள். நிலம் கொடுத்தவர் பெயர் எழுதும் கல்லில் உசேன் ராவுத்தரின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று ஊரார் சொன்னார்கள். அவர் கொடுத்ததாக எழுத எனக்கு உரிமையில்லை என்று சாபிரா மறுத்துவிட்டாள். அக்கல்லில் இன்றும் இரு பெயர்களே உள்ளன.

ஆனால் நம் கதை அந்த வெள்ளிக்கிழமையிலேயே நிற்கிறது. எழுதி முடித்தபோது கதிரவன் மேற்கு மலையில் மறைந்துவிட்டான். காற்று தணிந்திருந்தது. ஊருக்குள்ளிருந்து மாலைத் தொழுகைக்கான அழைப்பு எழுந்து, வயல்களையும் வாய்க்காலையும் கடந்து, பந்தலின் கீழே வந்து சேர்ந்தது. முதியோர் பாயைச் சுருட்டினார்கள். ராஜா முகம்மது செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணன் நாள்தோறும் நின்ற அதே இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"சரி தாயி, பள்ளிக்குப் போயிட்டு வாரேன்."

அது தந்தையின் குரலாகவே இருந்தது. வாய்க்கால் கரையில் நின்ற மலையம்மாளும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சாபிரா வாய் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். கேட்டுத் தெளியவேண்டியதைக் கேட்கவேண்டிய நாளில் கேளாதவர்க்கு வாழ்நாள் முழுதும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கும், அவளுக்கும் எஞ்சியது. ஆயினும் பாய் சுருட்டியவர்களோடு வரப்பில் நடந்து சென்ற சின்னத்தாவிடம் எந்தப் பள்ளிக்கு என்று கேட்கும் தேவை, அன்று மாலை அவளுக்கு இருக்கவில்லை.